ஆறாவது கம்பி

ஆறாவது கம்பியின் அடியில் பெயிண்ட் விரிசல் விட்டிருந்தது.

தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. சிவப்புப் பூச்சுக்கு நடுவே கறுப்பாக, பென்சிலால் இழுத்த மாதிரி. வேறு யாராவது பார்த்தால், லாரியில் ஏற்றும்போது சங்கிலி உரசியிருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அவனால் அப்படிப் போக முடியவில்லை. அந்தக் கூண்டுக்கு வெல்டிங் வைத்தவன் அவன்தான்.

மண்டியிட்ட வாக்கிலேயே தலையைத் திருப்பிப் பார்த்தான். மைத்துனன் கூண்டின் முன்வாசலில் நின்று, மேலிருந்து விழும் கதவின் தடத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். கதவு பாதியில் சிக்கி நிற்கிறது, வந்து பார் என்று வனத்துறை வாட்சர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு பக்கத் தடம் வளைந்திருந்தது. பத்து நிமிடச் சுத்தியல் வேலை. அது முடிந்துவிட்டது. இந்தக் கோட்டை அவன் பார்க்காமலே கிளம்பியிருக்கலாம்.

கூண்டுக்கு இரண்டு அறை. முன்னறை சிறுத்தைக்கு. எல்லாப் பக்கமும் கம்பி, ஒரு ஆள் கையைக் காலை நீட்டிப் படுக்கலாம். பின்னறை ஆட்டுக்கு. மூன்றடி ஆழம், மூன்று பக்கமும் கூரையும் தகடு. வெளியிலிருந்து எதுவும் கையை விட்டு ஆட்டை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத் தகடு. குனிந்து உட்காரலாம், நிமிர முடியாது. இரண்டு அறைக்கும் நடுவில் பதினோரு கம்பி. முஷ்டி நுழையும் இடைவெளி. சிறுத்தை முன்னங்காலை விட்டுத் துழாவலாம், தலையை விட முடியாது. தலை நுழைந்தால் மிச்ச உடம்பும் நுழைந்துவிடும் என்று அளவு சொல்லும்போதே வாட்சர் சொல்லியிருந்தார்.

சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, முதலில் எல்லாக் கம்பிக்கும் மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு வைத்து நிறுத்திவிடுவான். டேக் என்பார்கள். பட்டாணி அளவு இருக்கும். அப்புறம் இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி முழு வெல்டிங் ஓட்டிக்கொண்டு வருவான். நடுக்கம்பிதான் கடைசி. பத்து முடிந்ததும் கரண்ட் போனது. ஒரு மணி நேரம் பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்த்தான். வரவில்லை. காலையில் முதல் வேலையாக முடித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனான். காலையில் அவனுக்கு முன்னால் பெயிண்டர் வந்துவிட்டான். இவன் போனபோது கூண்டு முழுக்கச் சிவப்பாக ஈரம் மின்ன நின்றது, லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. பெயிண்ட் அடித்துவிட்டால் எல்லா வெல்டிங்கும் ஒன்றுதான். சுரண்டினால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். போனால் ஒரு ஆடு போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். வாயைத் திறக்கவில்லை.

"என்ன மாமா, அங்க சாமி கும்பிட்டுட்டு இருக்கீங்க? மண்டி போட்டது போதும், எந்திரிங்க."

"மட்டம் சரியா இருக்கான்னு பார்த்தேன்."

"சிறுத்தைக்கு மட்டம் வேறயா? அது ரசமட்டம் வச்சுப் பார்த்துட்டுத்தான் உள்ள வருமாக்கும்."

மைத்துனன் மனைவிக்குத் தம்பி. லாரி டிரைவர். பேசினால் ரோட்டின் அந்தப் பக்கம் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். இந்தக் கூண்டை இங்கே கொண்டுவந்து இறக்கியதும் அவன்தான், நாளைக்கு வந்து தூக்கப்போகிறவனும் அவன்தான்.

இரண்டு பேருமாகக் கதவைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார்கள். ஒரு ஆளால் தூக்க முடியாத கனம். முன்னறையின் நடுவில் இருக்கும் மிதிபலகையைச் சிறுத்தை மிதித்தால் கொக்கி நழுவும், கதவு விழும். பிறகு ஆட்டைப் பின்னறைக்குள் தள்ளி மூலையில் கட்டினார்கள். வெள்ளை ஆடு. நெற்றியில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. அது உள்ளே போனதிலிருந்து நிறுத்தாமல் கத்தியது.

"வாட்சர்கிட்ட சொல்லி வச்சிட்டேன் மாமா. ஆடு பொழச்சுக் கிடந்தா எனக்கு."

"எப்படி எடுப்ப? முன்னாடி அது உட்கார்ந்திருக்கும்."

"பின்கதவைத் திறந்து உள்ள பூந்து தூக்கிட்டு வர்றேன். நடுவுல உங்க கம்பி இருக்குல்ல, எனக்கென்ன பயம்?" மைத்துனன் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான். தட், தட். எதை ஏற்றி முடித்தாலும் அப்படித் தட்டுவது அவன் பழக்கம். லாரியின் பக்கப் பலகை, சிமென்ட் மூட்டை, அக்காவின் தோள், யாராவது அழுதால் அவர்கள் முதுகு. எல்லாவற்றுக்கும் இரண்டு தட்டு.

உங்க கம்பி.

 சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தான். மைத்துனனிடம் சொல்வதும் ஹாரன் அடிப்பதும் ஒன்று. ராத்திரிக்குள் மனைவிக்குத் தெரியும், நாளைக்குள் பட்டறைக்கு வேலை கொடுக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பையில் கட்டுக்கம்பி ஒரு சுருள் இருந்தது, குறடு இருந்தது. ஆறாவதை ஐந்தோடும் ஏழோடும் சேர்த்து நாலு இடத்தில் இறுக்கிவிட்டால் போதும். கால் மணி நேரம். முடித்துவிட்டு இருட்டுவதற்குள் நடந்தே வாட்சர் குவார்ட்டர்ஸுக்கு இறங்கிவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம்.

"நீ கிளம்பு மாப்ள. வாட்சர் ஜீப் வருது. நான் அவர்கூடப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு, அங்கேயே குவார்ட்டர்ஸ்ல படுத்துட்டுக் காலைல வர்றேன். அக்காகிட்ட சொல்லிடு."

"ஜீப் வர்றதா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"உங்கிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் வருவாரா? போடா. போற வழியில துணியக் கட்டிட்டுப் போ."

கீழே வளைவில் ஒரு கம்பம் இருக்கிறது. கூண்டு தயாராகிவிட்டால் அதில் சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும். துணி இருந்தால் விடியும்வரை ஒருத்தரும் மேலே ஏறக் கூடாது. விறகு பொறுக்கப் போன பெண்ணும் ரோடு போட வந்த ஆளும் செத்த பிறகு வாட்சர் வைத்த சட்டம். அதை மீற யாருக்கும் துணிச்சல் இல்லை.

மைத்துனன் லாரியைத் திருப்பினான். செல்ஃப் எடுக்காத லாரி. மேட்டில் எங்கே நிறுத்தினாலும் இன்ஜினை அணைக்க மாட்டான். அந்தக் கரகரப்பு மரங்களுக்கு நடுவே இறங்கி, வளைவில் கொஞ்சம் நின்று, மறுபடி இறங்கியது. துணி கட்டியாகிவிட்டது.

பின்கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் சுத்தியலை அண்டக் கொடுத்துவிட்டு, சுருளோடும் குறடோடும் உள்ளே ஊர்ந்தான். ஆடு மிரண்டது. அவனைத் தாண்டி வெளிச்சத்துக்கு ஓடப் பார்த்தது. கயிறு இழுத்தது, ஆடு திரும்பித் துள்ளியது, பின்னங்கால் எதையோ உதைத்தது.

சுத்தியல் புல்லில் விழும் சத்தம் கேட்டது.

பிறகு, டிக்.

அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்த சத்தம். பட்டறையில் நாற்பது தடவை திறந்து மூடிப் பார்த்திருக்கிறான். கதவைக் கொஞ்சம் சாய்வாக மாட்டியிருந்தான், கையை எடுத்தால் தானாக வந்து சாத்திக்கொள்ளும். சாத்தியதும் மேலே இருக்கும் கொண்டி தன் கனத்திலேயே விழுந்து பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு விரலால் தூக்கலாம். உள்பக்கம் ஒன்றும் கிடையாது. உள்ளே ஒரு கைப்பிடி வேண்டாமா என்று பெயிண்டர் கேட்டபோது, "ஆடு என்ன உள்ள தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கப்போகுதா?" என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முதலில் அவனுக்குமே சிரிப்புத்தான் வந்தது. தோளால் கதவைத் தள்ளினான். அசையவில்லை. நன்றாகச் செய்த கதவு. மைத்துனன் பெயரைச் சொல்லிக் கத்தினான், தகட்டுக்குள் அவன் சத்தம் அவன் காதிலேயே அறைந்தது. வாட்சர் ஜீப் வருகிறது என்று சொன்னது பொய், யாரும் வரப்போவதில்லை. போன் ஞாபகம் வந்தது. லாரியில் சார்ஜ் போட்டது. அது ஞாபகம் வந்தபோது லாரியின் சத்தம் இரண்டு வளைவு தாண்டியிருந்தது.

கட்டுக்கம்பியின் நுனியை வளைத்து, கதவின் இடுக்கு வழியாக வெளியே விட்டுக் கொண்டியைத் தேடினான். இடுக்கு நூல் அளவு. ராவி ராவி அவன்தான் அப்படி நெருக்கமாக வைத்திருந்தான். கட்டுக்கம்பி மெத்தென்று மடங்கியது. முனை எதிலோ பட்டால் வளைந்தது, இழுத்தால் அறுந்தது. மறுபடி விட்டான். மறுபடி அறுந்தது. வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, கம்பிகளின் நிழல் தரையில் கரைந்துபோகிற வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தான். கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு சாண். எதற்காக அந்தச் சுருளைக் கொண்டுவந்தோம் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

திரும்பி முன்பக்கம் பார்த்தான். கம்பிகளுக்கு அப்பால் முன்னறை, அதற்கு அப்பால் தூக்கி நிறுத்திய கதவு, அதற்கு அப்பால் மரங்கள். வழி திறந்துதான் கிடந்தது. நடுவில் பதினோரு கம்பி. அதில் ஒன்று பொய்.

ஆறாவதை உடைத்துவிட்டால்? மெலிந்த உடம்பு அவனுக்கு. பட்டினி கிடந்து வளர்ந்த நெஞ்சுக்கூடு. மூச்சை விட்டுப் பக்கவாட்டில் நுழைந்துவிடலாம். மிதிபலகையை மிதிக்காமல் ஓரமாக ஊர்ந்தால் வெளியே.

பின்கதவில் முதுகைக் கொடுத்து, பூட்ஸ் காலால் கம்பியின் அடியில் உதைத்தான். கூண்டே அதிர்ந்தது. தகடு முரசு மாதிரி முழங்கியது. மறுபடி உதைத்தான். தன் டேக் இவ்வளவு பிடிக்கும் என்று அவனுக்கே தெரியாது. பத்து உதை, இருபது உதை. ஒவ்வொன்றுக்கும் தகடு அதிர்ந்து, அந்தச் சத்தம் மரங்களுக்குள் போய் எங்கோ மோதித் திரும்பியது. அடியில் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. கம்பி கொஞ்சம் ஆடியது. இன்னும் கொஞ்சம்தான். இன்னும் நாலு உதை.

தூக்கிய காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினான்.

ஆடு கத்தவில்லை.

எப்போது நிறுத்தியது என்று தெரியவில்லை. அவன் உதைத்த சத்தத்தில் கவனிக்கவில்லை. ஆடு மூலையில் தகட்டோடு தகடாக ஒட்டிக்கொண்டு, நாலு காலும் உள்ளே இழுத்து, அவனைப் பார்க்காமல் முன்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் விலா துடிப்பது அவன் தொடையில் தெரிந்தது. பூச்சிகளும் அடங்கியிருந்தன. மேலே தகட்டில் தூறல் விழுந்தது. ஒரு சொட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு சொட்டு.

ரோடு போட வந்தவர்களில் ஒரு ரோலர் டிரைவர் பிழைத்துக்கொண்டவர். பாதி மண்டையில் தையல், ஒரு காது இல்லை. டீக்கடையில் அவர் சொன்னது இவனுக்கு மனப்பாடம். "அது வந்ததே தெரியலப்பா. மூட்டைய மெதுவா எறக்கி வச்ச மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வாடை. எம் பக்கத்துல நின்னவன் கத்துனான், அவனைத்தான் பிடிச்சுச்சு. நான் அசையல. அதான் உட்கார்ந்து டீ குடிக்கிறேன்."

புல்லில் ஒரு மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தார்கள்.

வாடை வந்தது. ஈரச் சாக்கு, அழுகிய இறைச்சி, பழைய மூத்திரம். அவன் காலை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்கினான். போய்விடும். இரும்பு வாடை பிடிக்காமல் போய்விடும். வாசலில் சாம்பல் வெளிச்சம் இருந்த இடத்தில், வெளிச்சம் இல்லாத ஒரு இடம் வந்து நின்றது. தாழ்வாக. நீளமாக. அது அவசரப்படவில்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் மணியடித்துக் கூப்பிட்டது யார் என்று பார்க்க வந்ததுபோல.

ஒரு கால் உள்ளே வைத்தது. இன்னொரு கால். பலகை கிறீச்சிட்டது.

கதவு விழுந்தது.

கிரீஸ் போட்ட தடம். எங்கேயும் சிக்கவில்லை.

அடுத்து நடந்ததைச் சத்தமாக மட்டும்தான் அவன் அறிந்தான். இருட்டுக்குள் ஒரு இயந்திரம் கழன்று ஓடியது. அது கதவில் மோதியது, கூரையில் மோதியது, பக்கக் கம்பிகளில் மோதியது. உறுமல் காதில் கேட்கவில்லை, பல்லில் அதிர்ந்தது. பிறகு அது நடுக்கம்பிகளுக்கு வந்தது. வாடை முகத்தில் அறைந்தது. கம்பிகளுக்கு நடுவே ஏதோ நீண்டு வந்து, அவன் முழங்காலுக்குக் கீழே பேண்ட்டைக் கிழித்துக்கொண்டு போனது. முதலில் வலிக்கவில்லை. சூடாக மட்டும் இருந்தது. பிறகு வலித்தது.

அவன் கத்தவில்லை. முழங்கையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டான்.

ஆடு கத்தியது. ஒரே ஒரு தடவை. கயிறு விண்ணென்று இழுபட்டது. ஆட்டின் உடம்பு அவன் மேல் உரசிக்கொண்டு கம்பியை நோக்கிப் போனது. அவன் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. காலால் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டான் என்பது அவனுக்குத் தெரியும். அதை அவன் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தம் கேட்டது. நக்குகிற சத்தம். எலும்பு நொறுங்குகிற சத்தம். முழு ஆடு அந்த இடைவெளியில் போகாது. கிடைத்ததைக் கிடைத்த அளவுக்கு அது இழுத்துக்கொண்டிருந்தது. இழுக்கும்போதெல்லாம் கம்பிகள் அதிர்ந்தன. பத்துக் கம்பி ஒரு மாதிரி அதிர்ந்தது. கனத்த, செத்த சத்தம். ஒன்று மட்டும் வேறு மாதிரி. அடியில் ஒரு சின்னக் கிலுக்கு. பல் ஆடுகிற மாதிரி.

அதற்கும் காது இருக்கிறது.

இருட்டில் கையை நீட்டி, மிஞ்சிய ஒரு சாண் கம்பியை ஆறாவதிலும் ஏழாவதிலும் சுற்றினான். ஒன்றரைச் சுற்று. முறுக்கக் குறடைத் தேடினான். விரலில் ஈரமும் ரோமமும்தான் பட்டது. விரலாலேயே முறுக்கினான். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு அவன் விரல்களின்மேல் விழுந்தது. நக்கும் சத்தம் நின்றது. கையை இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது கம்பிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தது.

முதல் கம்பி. நெற்றியை வைத்து ஒரு தள்ளு. அசையவில்லை.

இரண்டாவது.

மூன்றாவது.

அவன் பட்டறையில் சோதித்துப் பார்ப்பதும் அப்படித்தான். அதே நிதானம்.

நாலு. ஐந்து.

பின்கதவில் முதுகை ஒட்டவைத்தான். இரண்டு பூட்ஸையும் ஆறாவதின் அடியில் கொடுத்து முழங்காலை இறுக்கினான். தள்ளு வந்தது. கட்டுக்கம்பி பட்டென்று அறுந்தது. அடியில் இருந்த டேக் விட்டுப்போவது உள்ளங்காலில் தெரிந்தது, பல்லைப் பிடுங்கும்போது வேர் விடுகிற மாதிரி. கம்பி ஒரு விரற்கடை அவன் பக்கம் வந்தது. அவன் தள்ளினான். அது தள்ளியது. அவன் முதுகுக்குப் பின்னால் கதவு, கதவுக்கு மேலே கொண்டி. அந்தக் கொண்டி மட்டும் நன்றாகச் செய்த வேலை. அதை நம்பித் தள்ளினான். கம்பி திரும்பித் தன் இடத்துக்குப் போனது.

அது யோசித்தது. பிறகு பெருமூச்சு விட்டது. மனுஷன் விடுகிற மாதிரி. அங்கேயே, நடுக்கம்பியில் விலாவைச் சாய்த்து, முழுக் கனத்தையும் கொடுத்துப் படுத்துக்கொண்டது.

மேலே ஒரு டேக். பட்டாணி அளவு. கீழே அவன் கால். இப்போது அவன்தான் வெல்டிங்.

அப்படியே இருந்தான். எவ்வளவு நேரம் என்பதற்குக் கணக்கில்லை. தொடை நடுங்கும்போது ஒரு காலைத் தளர்த்தி மறு காலை இறுக்கினான். கிழிந்த காலிலிருந்து ரத்தம் பூட்ஸுக்குள் இறங்கி, ஆறி, பிசுபிசுத்து, உறைந்தது. ஆட்டின் தலை அவன் இடுப்போரம் கிடந்தது. நெற்றியில் கறுப்புத் திட்டு. சிறுத்தை மூச்சை இழுக்கும்போது கம்பி அவன் காலை அழுத்தியது. மூச்சை வெளியே விடும்போது தளர்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு அப்புறம் அவனும் அந்தக் கணக்கிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மனைவி தூங்கியிருப்பாள். வாட்சரோடு இருக்கிறான் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். வாட்சரும் தூங்கியிருப்பார். யாரும் அவனைத் தேடவில்லை. யாரும் தேடக் கூடாதென்று ஏற்பாடு செய்தவன் அவன்தான்.

விடியும். மைத்துனன் வருவான். அதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். லாரி வரும், வாட்சர் வருவார், மயக்க ஊசி போடுவார்கள். அது தூங்கிப்போகும். அப்புறம் கதவைத் திறப்பார்கள். அந்த வரிசையில்தான் நடக்க வேண்டும். அந்த வரிசை மாறக் கூடாது.

இடுக்கில் சாம்பல் நிறமாக ஒரு கோடு தெரிந்தது. கோடு வெளுத்தது. மஞ்சள் ரோமம், கறுப்பு வளையங்கள், கம்பிகளுக்கு நடுவே பிதுங்கிக்கொண்டு, அவன் பூட்ஸ் நுனியைத் தொட்டபடி. அவ்வளவு பக்கம் என்று இருட்டில் தெரியவில்லை.

கீழே லாரி ஏறுகிற கரகரப்பு கேட்டது.

காது திரும்பியது. உடம்பு அசையவில்லை, காது மட்டும் திரும்பியது.

லாரி வளைவில் நின்றது. துணியை அவிழ்க்கிறான். மறுபடி ஏறியது. முன்னால் வந்து நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கதவு திறக்கும் சத்தம், குதிக்கும் சத்தம். ஒரே ஒரு ஆளின் சத்தம். ஜீப் சத்தம் எங்கே? வாட்சர் எங்கே?

"ஐயய்யோ... மாட்டிக்கிச்சுடா!"

அது எழுந்தது. மைத்துனன் முன்பக்கம் நின்றான். அது அவனிடமிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் பின்னால் வந்தது. பின்னால் இருந்தது நடுக்கம்பி. முழுக் கனமும் கம்பியில் சாய்ந்தது, பின்னறை அதன் உடம்புக்குப் பின்னால் மறைந்துபோனது. அவன் முழங்கால் மடங்கியது. மேலே டேக் முனகியது. இரண்டு கையையும் பக்கத் தகட்டில் ஊன்றித் தள்ளினான்.

"அடேங்கப்பா, என்னா சைஸு! மாமா மட்டும் இப்ப பார்க்கணும்." இன்ஜின் இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல். காலடி பக்கவாட்டில் நகர்ந்தது. கூண்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தது. அது கழுத்தைத் திருப்பிக் காலடியைப் பின்தொடர்ந்தது. திருப்பிக்கொண்டே வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்த அவன் முகத்தில் கண்ணை நிறுத்தியது.

"இதென்ன, மாமா சுத்தியல இங்கயே போட்டுட்டுப் போயிருக்காரு? பையும் கிடக்கு..."

காலடி நின்றது. இன்ஜின் மட்டும். வெளியே மைத்துனன் யோசிக்கிறான் என்று தெரிந்தது.

கத்தினால் அது தலையைப் பிடிக்கும். கத்தாவிட்டால் மைத்துனன் திறப்பான். ஆட்டுக்காகத் திறப்பான். அவன் உதட்டை ஈரப்படுத்தப் பார்த்தான், நாக்கில் ஈரம் இல்லை. நாலு வார்த்தை சொன்னால் போதும். திறக்காத. வாட்சரைக் கூட்டிட்டு வா.

"மாப்ள."

முதல் வார்த்தை வந்தது. மிச்சம் வரவில்லை. அந்தக் குரலுக்கு அதன் மீசை முன்னால் விரிந்தது. உதடு பின்னால் போனது. 

"மாமா?"

வெளியே புல் நசுங்கியது. ஓடி வருகிற கால்.

"மாமா! உள்ளயா இருக்கீங்க? ஐயோ, ராத்திரி பூராவா? இருங்க, இருங்க, ஒண்ணும் ஆகல, நான் வந்துட்டேன்ல..."

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று ஆட்டினான். தகட்டுக்கு இந்தப் பக்கம், யாருக்கும் தெரியாமல், ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அவன் முதுகுக்கு நேராக, தகட்டில், ஆறுதலாக இரண்டு தட்டு.

தட். தட்.

"இதோ மாமா. இதோ திறந்துட்டேன்."

டிக்.

ஒரு விரலால் தூக்கலாம். முதுகுக்குப் பின்னால் தகடு நகர்ந்தது. பிடரியில் குளிர்ந்த காற்று பட்டது. புல் வாசம் வந்தது. சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லாமல் அவன் மெதுவாகப் பின்னால் சரிந்தான். மைத்துனனின் கைகள் அவன் அக்குளில் நுழைந்து அன்பாக இழுத்தன. பூட்ஸ் கம்பியை விட்டு வந்தது.

ஆறாவது கம்பி அவன் காலோடு சேர்ந்து உள்ளே வந்தது. அந்த இடைவெளியில் முதலில் மீசை வந்தது. பிறகு தலை.